விசாரணை இல்லாத தூக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள எழுமலையில் பேருந்து ஏறினால், உசிலம்பட்டி, செக்கானூரணி, நாகமலைப் புதுக்கோட்டை கடந்து மதுரையின் மேற்கு முனைக்கு வந்து சேரலாம். நகருக்குள் நுழையும் அந்த முனையில் இருக்கிறது சம்மட்டிபுரம். அங்கே ஒரு சிறிய பள்ளிவாசலும் அதனுள் ஓர் அடக்கத்தலமும் உள்ளன. 1808-ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட அந்தப் பள்ளிவாசலைக் கான் சாகிப் பள்ளிவாசல் என்று மக்கள் அழைக்கின்றனர். அதிலிருந்து சிறிது தொலைவில், அரசரடியில், மதுரை மத்தியச் சிறை இருக்கிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் இந்த இரண்டையும் கடந்து வேலைக்கும் சந்தைக்கும் சென்று திரும்புகின்றனர். இவற்றுக்கிடையே உள்ள தொடர்பை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

1764-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் சம்மட்டிபுரத்தை ஒட்டிய பாளையத்தில் ஒரு மனிதர் தூக்கிலிடப்பட்டார். அவர் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ஆளுநராக இருந்தவர். முகமது யூசுப் கான் என்று ஆவணங்களும், கான் சாகிப் என்று மதுரை மக்களும், மருதநாயகம் என்று இன்றைய தலைமுறையும் அறிந்த மாவீரர். அவர்மீது குற்றப்பத்திரிகை படிக்கப்படவில்லை. சாட்சி விசாரிக்கப்படவில்லை. தன் தரப்பைச் சொல்ல அவருக்கு வாய்ப்பும் தரப்படவில்லை. பிடிபட்டு இரண்டு நாள்களுக்குள் அவருடைய கதை முடிந்தது.

மரண தண்டனை இருக்க வேண்டுமா, கூடாதா என்று உலக நாடுகள் பலவும் தத்தம் சட்டங்களைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கும் காலம் இது. அந்த விவாதத்துக்கு நம் மண்ணிலேயே ஒரு பழைய வழக்கு உண்டு. கான் சாகிப்பின் வாழ்க்கையே அந்த வழக்கு.

அவர் ஏறத்தாழ 1725-ஆம் ஆண்டு இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூரில் பிறந்தார் என்பர். வேளாளர் குடும்பத்தில் மருதநாயகம் என்ற பெயருடன் பிறந்து, இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறி, பின்னர் இஸ்லாத்தைத் தழுவி யூசுப் கான் ஆனார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த இளமைக் காலத்தைப் பற்றிக் கதைகள் பல உண்டு. உறுதியான ஆவணங்கள் குறைவு. ஆனால் 1750-களின் தொடக்கத்திலிருந்து அவருடைய பெயர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் போர்க் குறிப்புகளில் இடைவிடாது வருகிறது.

அப்போது தமிழகம் பெரும் குழப்பத்தில் இருந்தது. மதுரை நாயக்கர் ஆட்சி 1736-இல் முடிந்துபோயிருந்தது. ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிப்பும் போட்டியிட்டனர். முகமது அலிக்குப் பின்னால் ஆங்கிலேயரும், சந்தா சாகிப்புக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரரும் நின்றனர். திருச்சிராப்பள்ளிக் கோட்டை இந்தப் போரின் மையம் ஆயிற்று. 1752-இல் தோற்றுச் சரணடைந்த சந்தா சாகிப், தஞ்சாவூர்ப் படைத்தலைவரின் முகாமில் தலை வெட்டப்பட்டு இறந்தார். சரணடைந்தவரைக் கொல்லலாமா என்று கேட்க அன்று எந்த மன்றமும் இல்லை.

இந்தப் போர்களில்தான் யூசுப் கான் வளர்ந்தார். இராபர்ட் கிளைவும் மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸும் அவருடைய திறமையைக் கண்டுகொண்டனர். எதிரியின் முற்றுகையை ஊடுருவித் திருச்சிக்கு உணவுப் பொருள்களைக் கொண்டுவந்து சேர்ப்பதில் அவருக்கு நிகரானவர் இல்லை. எந்த வழி திறந்திருக்கிறது, எந்த ஊரில் நெல் இருக்கிறது, எதிரி எப்போது அயர்வான் என்பதையெல்லாம் அறிந்து வைத்திருந்த அவரை லாரன்ஸ் பெரிதும் நம்பினார்.

அந்த நம்பிக்கைக்கு 1754-ஆம் ஆண்டு ஒரு சோதனை வந்தது. ஆங்கிலேய முகாமின் அருகே ஒரு கடிதம் சிக்கியது. மைசூர்ப் படைத்தலைவர் யூசுப் கானுக்கு எழுதியது போன்ற கடிதம். திருச்சியைக் காட்டிக்கொடுக்க அவர் உடன்பட்டதாக அதைப் படிப்பவர்கள் கருதும்படி அது அமைந்திருந்தது. முற்றுகைக் காலத்தில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. யூசுப் கான் உடனே காவலில் வைக்கப்பட்டார். அன்றைய மனநிலையில், அந்தக் கடிதம் ஒன்றே அவரைப் பீரங்கி வாயில் கட்டுவதற்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

ஆனால் லாரன்ஸ் அவசரப்படவில்லை. அதிகாரிகளைக் கொண்டு விசாரணை நடத்தினார். கடிதத்தைக் கொண்டுவந்தவன் யார், எழுதச் சொன்னவர் யார், இதனால் யாருக்கு ஆதாயம் என்று ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துச் சென்றபோது, உண்மை வெளிப்பட்டது. லாரன்ஸிடமே தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்த பொன்னியப்பன் என்பவர் மைசூராருடன் இரகசியத் தொடர்பு வைத்திருந்தார். யூசுப் கானை ஒழித்துக்கட்டுவதற்காக அந்தக் கடிதத்தைத் தயாரித்ததும் அவரே. யூசுப் கான் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். பொன்னியப்பன் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார்.

இந்த நிகழ்ச்சியை நாம் மறக்கக் கூடாது. யூசுப் கானின் உயிரை 1754-இல் காத்தது அவருடைய வீரம் அன்று. சில நாள்கள் பொறுத்து நடத்தப்பட்ட ஒரு விசாரணை. இராணுவ முகாமில், முற்றுகையின் நடுவில், அரைகுறையாக நடந்த விசாரணைதான் அது. ஆயினும் பொய்க் கடிதத்துக்கும் தூக்குக் கயிற்றுக்கும் இடையே அது ஒரு தடுப்பாக நின்றது.

விடுதலையான யூசுப் கானின் மதிப்பு முன்னிலும் உயர்ந்தது. கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் அனைவருக்கும் அவர் தளபதியாக்கப்பட்டார். கம்பெனி அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. தளபதி என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் மக்கள் நாவில் கம்மந்தான் என்றாகி, கம்மந்தான் கான் சாகிப் என்ற பெயர் தென்பாண்டி நாடெங்கும் பரவிற்று.

அடுத்து அவர் மதுரைக்கு வந்தார். மதுரையும் திருநெல்வேலியும் யாருடைய ஆட்சியில் இருக்கின்றன என்பதே அப்போது தெளிவில்லை. நாயக்கர் காலத்துப் பாளையக்காரர்கள் தத்தம் பகுதியில் தாங்களே அரசர்களாக இருந்தனர். எழுமலையும் அத்தகைய பாளையங்களுள் ஒன்று. சாப்டூர், பேரையூர், உத்தப்பநாயக்கனூர், தொட்டப்பநாயக்கனூர் என்று மலையடிவாரம் நெடுகிலும் பாளையங்கள் இருந்தன. இவர்களிடமிருந்து கப்பம் பெறும் உரிமை தனக்கு உண்டு என்று ஆற்காட்டு நவாப் முகமது அலி கூறினார். ஆனால் அதைத் திரட்டும் வலிமை அவருக்கு இல்லை. போருக்காகக் கம்பெனியிடம் பட்ட கடன் அவர் தலைக்கு மேல் ஏறியிருந்தது. அந்தக் கடனை அடைக்க இந்தக் கரிசல் காட்டிலும் வைகைக் கரையிலும் விளைந்த நெல்லும் பருத்தியும் வேண்டியிருந்தன. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

1755-இல் கர்னல் ஹெரான் தலைமையில் வந்த படையுடன் யூசுப் கானும் வந்தார். ஹெரான் கோயில் சிலைகளைக் கொள்ளையிட்டு மக்களின் வெறுப்பைத் தேடிக்கொண்டு, நத்தம் கணவாயில் கள்ளர் நாட்டாரிடம் அடிபட்டுத் திரும்பினார். 1756-இல் யூசுப் கான் பொறுப்பேற்று வந்தார். 1757-இல் மதுரைக் கோட்டை மீண்டும் கம்பெனியின் கைக்கு வந்தது. 1758 இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, யூசுப் கான் தெற்கிலிருந்து விரைந்து சென்று, பிரெஞ்சுப் படைக்கு உணவும் உறக்கமும் இல்லாதபடி செய்தார். சென்னை தப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்குப் பரிசாக 1759-இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் ஆண்டுக் குத்தகைக்கு அவரிடம் ஒப்படைக்கப்பட்டன.

அவரைப் புனிதராகக் காட்ட வேண்டியதில்லை. நத்தம், மேலூர்ப் பகுதிகளில் காடுகளை வெட்டி வழி திறந்து, எதிர்த்தவர்களை ஈவிரக்கமின்றிக் கொன்றவர் அவர். நெற்கட்டும்செவல் பூலித்தேவரை ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் போரிட்டு, 1761-இல் அவருடைய கோட்டைகளைக் கைப்பற்றியவரும் அவரே. அந்தப் போர்களில் பிடிபட்டவர்களுக்கு அவர் விசாரணை நடத்தினார் என்று எந்தக் குறிப்பும் கூறவில்லை. தனக்குக் கிடைத்த நீதியை அவர் பிறருக்கு வழங்கிய வரலாறு இல்லை. இந்தக் கட்டுரை அவருக்காக வாதாடுவது அவர் குற்றமற்றவர் என்பதற்காக அன்று.

ஆனாலும் நிர்வாகி என்ற நிலையில் அவர் பெற்ற நற்பெயர் நெடுங்காலம் நிலைத்தது. குளங்களையும் கால்வாய்களையும் செப்பனிட்டார். வழிப்பறியை ஒடுக்கிச் சாலைகளில் வணிகர்கள் அச்சமின்றி நடமாடச் செய்தார். நெசவாளர்களுக்கு ஆதரவளித்தார். மீனாட்சியம்மன் கோயிலின் வழிபாட்டுக்கு நின்றுபோயிருந்த நிதியை மீண்டும் வழங்கினார். மதுரையில் கான்சா மேட்டுத் தெருவும் கான்பாளையமும், வத்திராயிருப்புப் பகுதியில் கான்சாபுரமும் இன்றும் அவர் பெயரைச் சுமந்து நிற்கின்றன. தூக்கிலிடப்பட்ட ஒருவரின் பெயரை ஊர்ப் பெயராக மக்கள் காத்து வந்திருக்கிறார்கள் என்பதும் ஒரு வகைத் தீர்ப்பே.

அந்த நற்பெயரே அவருக்குப் பகையானது. குத்தகைதாரர் ஒருவர் மக்கள் விரும்பும் ஆட்சியாளராக மாறுவதை நவாப் விரும்பவில்லை. கம்பெனியோ நவாபின் கடனைத் திரும்பப் பெறுவதில் குறியாக இருந்தது. யூசுப் கான் இனிமேல் நவாபுக்குக் கட்டுப்பட்டவர் என்று கம்பெனி அறிவித்தது. இதை அவரால் ஏற்க முடியவில்லை. தன்னை நியமித்தது கம்பெனி, தான் கம்பெனிக்கே பொறுப்பு என்பது அவர் நிலை. ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் தருவதாகவும், நான்கு ஆண்டுகளுக்குக் குத்தகையைத் தன்னிடமே விடுமாறும் அவர் கேட்டார். அது ஏற்கப்படவில்லை. சென்னைக்கு வருமாறு விடுக்கப்பட்ட அழைப்புகளை அவர் நம்பவில்லை. போனால் நவாபின் கையில் சிக்குவோம் என்று அஞ்சினார்.

1762-இல் அவர் படை திரட்டத் தொடங்கினார். மார்ச்சாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரின் தலைமையில் ஐரோப்பிய வீரர் சிலரும் அவரிடம் வந்து சேர்ந்தனர். 1763-இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. ஆனால் காலம் கடந்திருந்தது. புதுச்சேரி 1761-இலேயே ஆங்கிலேயரிடம் வீழ்ந்துவிட்டது. 1763 பிப்ரவரியில் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கை, முகமது அலியே நவாப் என்று ஏற்றுக்கொண்டது. யூசுப் கான் ஏற்றிய கொடிக்குப் பின்னால் அவரைக் காக்கும் அரசு ஏதும் இல்லை.

1763-இன் பிற்பகுதியில் கம்பெனியும் நவாபும் மதுரையை முற்றுகையிட்டனர். மழைக்காலம் வந்ததும் முற்றுகை கைவிடப்பட்டது. 1764-இல் மேஜர் சார்லஸ் காம்ப்பெல் தலைமையில் மீண்டும் வந்தனர். ஜூன் 26-ஆம் நாள் கோட்டையைத் தாக்கிய படை பெரும் இழப்புடன் பின்வாங்கியது. மேஜர் பிரெஸ்டன் படுகாயமுற்று இறந்தார். போரிட்டு வெல்ல முடியாத கோட்டையைப் பட்டினி போட்டு வெல்லலாம் என்று முடிவாயிற்று. வழிகள் அடைக்கப்பட்டன. கோட்டைக்குள் உணவு தீர்ந்தது. வீரர்கள் மெலிந்தனர், உடனிருந்தவர்களின் மனமும் மாறியது.

அக்டோபர் 13 அன்று, தொழுகையில் இருந்த நேரத்தில், அவருடைய திவான் சீனிவாசராவும், மருத்துவர் பாபா சாகிப்பும், மார்ச்சாண்டும் சேர்ந்து அவரைப் பிடித்தனர். அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே அவரைக் கட்டினர் என்பர். கோட்டைக்கு வெளியே இருந்த எதிரியிடம் அவர் ஒப்படைக்கப்பட்டார். அக்டோபர் 15 அன்று, நவாபின் ஆணைப்படி, சம்மட்டிபுரம் அருகே தூக்கிலிடப்பட்டார். வயது ஏறத்தாழ 40. கம்பெனியின் படை அங்கேதான் இருந்தது. தங்கப் பதக்கம் அளித்த அதே கம்பெனி, தன் முன்னாள் தளபதி தூக்கிலேறுவதைத் தடுக்கவில்லை.

கயிறு இருமுறை அறுந்து மூன்றாம் முறையே உயிர் பிரிந்தது என்றும், இறந்த பின்னும் அஞ்சி உடலைத் துண்டாக்கித் திருச்சி, தஞ்சாவூர், பாளையங்கோட்டை என்று பல ஊர்களுக்கு அனுப்பினர் என்றும் மக்கள் கூறுவர். உடலின் எஞ்சிய பகுதியே சம்மட்டிபுரத்தில் அடங்கியிருக்கிறது என்பது நம்பிக்கை. கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாடலில் அவர் இன்றும் வாழ்கிறார்.

இனி, சட்டத்தின் கண்ணோடு இதைப் பார்ப்போம். அந்த மனிதர் யார்? கம்பெனியின் அதிகாரி என்றால், அவரை இராணுவ மன்றத்தின் முன் நிறுத்தியிருக்க வேண்டும். நவாபின் குத்தகைதாரர் என்றால், குத்தகைக் கணக்கு தீர்க்கப்பட்டிருக்க வேண்டும். வேற்று அரசின் கொடியின் கீழ்ப் போரிட்டவர் என்றால், போர்க் கைதியாக நடத்தியிருக்க வேண்டும். கலகக்காரர் என்றால்கூட, எந்த அரசுக்கு எதிரான கலகம் என்று முதலில் தீர்மானித்திருக்க வேண்டும். இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட விடை தேடப்படவில்லை. விடை தேடினால் சங்கடமான உண்மைகள் வெளிவந்திருக்கும். நவாபின் கடன்கள், கம்பெனியின் வாக்குறுதிகள், அதிகாரிகள் பெற்ற பணம் எல்லாம் விசாரணையில் பேசப்பட்டிருக்கும். பேசக்கூடிய ஒரே மனிதரின் குரல்வளை நெரிக்கப்பட்டது.

அக்கால வழக்கமே அதுதான், இன்றைய அளவுகோலால் அதை அளக்கலாமா என்று கேட்கலாம். அதற்கு விடை, பத்தாண்டுகளுக்கு முன் அதே கம்பெனி திருச்சியில் நடத்திய விசாரணையில் இருக்கிறது. விசாரித்தபின் தண்டிப்பது என்ற நெறியை அவர்கள் அறிந்திருந்தார்கள். 1754-இல் யூசுப் கான் தேவைப்பட்டார், விசாரணை நடந்தது. 1764-இல் அவர் தேவைப்படவில்லை, விசாரணையும் நடக்கவில்லை. ஓர் உயிரைக் காக்கும் நடைமுறை, அந்த உயிரால் ஆட்சிக்கு உள்ள பயனைப் பொறுத்து அமையுமானால், அதைச் சட்டம் என்று அழைக்க இயலாது.

வியப்பான ஒரு பொருத்தம் உண்டு. அதே 1764-ஆம் ஆண்டில் இத்தாலியின் லிவோர்னோ நகரில், பெயர் குறிக்கப்படாமல் ஒரு சிறு நூல் வெளிவந்தது. எழுதியவர் 26 வயதான செசாரே பெக்காரியா. குற்றங்களும் தண்டனைகளும் பற்றிய அந்நூல், உயிரைப் பறிக்கும் உரிமை அரசுக்கு உண்டா என்ற கேள்வியை ஐரோப்பாவின் முன் வைத்தது. தண்டனையின் கொடுமையைக் காட்டிலும் அதன் உறுதிப்பாடே குற்றத்தைத் தடுக்கும் என்று வாதிட்டது. 22 ஆண்டுகளில், 1786-இல், லிவோர்னோ அடங்கிய டஸ்கனி அரசு தன் சட்டத்திலிருந்து மரண தண்டனையை நீக்கியது. 1863-இல் வெனிசுவேலா அதை முற்றிலும் ஒழித்தது.

கான் சாகிப் காலத்துக் கம்பெனியின் தாய்நாடான பிரிட்டனில் கடைசியாகத் தூக்கு நிறைவேற்றப்பட்ட நாள் 1964 ஆகஸ்ட் 13. கான் சாகிப் இறந்து 200 ஆண்டுகள் நிறைவடைய அப்போது இரண்டே மாதங்கள் இருந்தன. மறு ஆண்டு கொலைக் குற்றத்துக்கான மரண தண்டனையைப் பிரிட்டன் நிறுத்தி வைத்தது. 1969-இல் அதை நிரந்தரமாக்கி, 1998-இல் எஞ்சிய குற்றங்களுக்கும் நீக்கியது. இன்று உலக நாடுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சட்டத்திலோ நடைமுறையிலோ மரண தண்டனையைக் கைவிட்டவை. நம் அண்டை நாடுகளான நேபாளமும் பூட்டானும் அரசமைப்புச் சட்டத்திலேயே அதைத் தடுத்துள்ளன. இலங்கையில் நீதிமன்றங்கள் இன்றும் மரண தண்டனை விதிக்கின்றன. ஆனால் 1976-க்குப் பின் யாரும் தூக்கிலிடப்படவில்லை. மலேசியா 2023-இல் கட்டாய மரண தண்டனையை நீக்கி, நீதிபதிகளுக்கு முடிவெடுக்கும் உரிமையைத் தந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளின் தண்டனை மறுஆய்வுக்கு வழி பிறந்தது. அதற்கு அருகிலேயே சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு என்ற சட்டம் நீடிக்கிறது. 2022-இல் அங்கே தூக்கிலிடப்பட்டவர்களுள் மலேசியத் தமிழ் இளைஞர் ஒருவரும் உண்டு. சீனா, ஈரான், சவூதி அரேபியா, ஜப்பான் ஆகிய நாடுகளும், அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களும் இத்தண்டனையைச் சட்டத்தில் வைத்திருக்கின்றன.

இந்தியா இவ்விரு தரப்புக்கும் நடுவில் நிற்கிறது. கான் சாகிப்புக்கு மறுக்கப்பட்ட எல்லாம் இன்று ஒரு குற்றவாளிக்கு உண்டு. வழக்கறிஞர் உண்டு. விசாரணை நீதிமன்றம் விதித்த மரண தண்டனையை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தாக வேண்டும். உச்சநீதிமன்றத்தில் மேல்முறையீடு, மறுஆய்வு, ஆளுநரிடமும் குடியரசுத் தலைவரிடமும் கருணை மனு என்று படிகள் பல. அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே தூக்கு என்று 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் வரையறுத்தது. 2020 மார்ச் 20 அன்று தில்லி பாலியல் வன்கொலை வழக்கில் நால்வர் திகார் சிறையில் தூக்கிலிடப்பட்டபோது, நாட்டில் பெரும்பான்மையோர் அதை நீதி என்றே கருதினர். மகளை இழந்த தாயின் துயரத்துக்கு முன் எந்த வாதமும் சிறியதாகிவிடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் இத்தனை படிகள் ஏன் வைக்கப்பட்டன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கீழே உள்ள படி தவறக்கூடும் என்பதால்தான் மேலே ஒரு படி. தமிழகம் இதற்கு நேரடிச் சாட்சி. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தடா நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்சநீதிமன்றம் அவர்களில் நால்வருக்கு மட்டுமே அதை உறுதிசெய்தது. 19 பேரை விடுவித்தது. நால்வரில் ஒருவரின் தண்டனை பின்னர் குறைக்கப்பட்டது. எஞ்சிய மூவரின் தண்டனையும் 2014-இல் ஆயுளாகியது. எஞ்சியிருந்த ஏழு பேரும் 2022-இல் விடுதலையாயினர். மேல்முறையீடு என்ற படி இல்லாதிருந்தால் 26 கயிறுகள் தேவைப்பட்டிருக்கும். கடைசிப் படியும் மனிதர்கள் அமைத்ததுதான். அதற்கு மேலே தவறைத் திருத்த இன்னொரு படி இல்லை.

2015-இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 262-ஆவது அறிக்கையில், பயங்கரவாதம், அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல் ஆகியவை நீங்கலாக மற்ற எல்லாக் குற்றங்களுக்கும் மரண தண்டனையை நீக்கலாம் என்று பரிந்துரைத்தது. அது இன்னும் ஏற்கப்படவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவிலும் மரண தண்டனை தொடர்கிறது.

அந்த அறிக்கை வரவேற்கத்தக்கது. ஆனால் அது விலக்கி வைத்த பிரிவைக் கான் சாகிப்பின் நினைவோடு படிக்க வேண்டும். அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல் என்பதுதான் அவர்மீது சுமத்தப்பட்டிருக்கக்கூடிய குற்றம். பிற குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் ஒருவர் இருக்கிறார். அரசு நடுவில் நிற்கிறது. இந்தக் குற்றத்திலோ பாதிக்கப்பட்டதாகச் சொல்வதும், பிடிப்பதும், வழக்குத் தொடுப்பதும் அரசே. அச்சமும் சினமும் மிகுந்திருக்கும் அந்த நேரத்தில்தான் பொய்க் கடிதங்கள் எளிதில் நம்பப்படும். 1754-இல் ஒரு கடிதம் அவரைக் கொன்றிருக்கும். அதைப் பொய் என்று கண்டுபிடிக்கச் சில நாள்கள் கிடைத்ததால் பிழைத்தார். விலக்கு வேண்டும் என்றால், மிகுந்த கவனம் தேவைப்படும் இந்தப் பிரிவிலா வேண்டும்?

சட்டப் புத்தகத்திலிருந்து மரண தண்டனையை முற்றிலும் நீக்குவதே நேர்மையான வழி. கொடியவர்களை வெளியே விட வேண்டும் என்பது இதன் பொருள் இல்லை. வாழ்நாள் முழுவதும் சிறையில் வைக்க இன்றைய சட்டத்திலேயே இடமிருக்கிறது. சிறையில் இருப்பவரைப் பற்றிய உண்மை இருபது ஆண்டுகள் கழித்து வெளிவந்தாலும் கதவைத் திறக்கலாம். அடக்கத்தலத்தின் கதவைத் திறந்து பயனில்லை.

எழுமலையிலிருந்து வரும் பேருந்து இன்றும் சம்மட்டிபுரத்தைத் தாண்டித்தான் நகருக்குள் செல்கிறது. இறங்கி அந்தப் பள்ளிவாசலில் சிறிது நேரம் நிற்பவருக்கு, 1764-இல் யாரும் கேட்காத ஒரு கேள்வி எழக்கூடும். இவர் செய்த குற்றம் என்ன, அதை விசாரித்தது யார்? 260 ஆண்டுகள் கடந்தும் அதற்கு விடை சொல்லும் தீர்ப்பேடு ஒன்றும் இல்லை.